டீச்சர்ட பக்கம்



தரம் ஒன்றுக்குப் புதிய பிள்ளைகள் வரும் காலம் நெருங்குகிறது. கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னைக் காணும் தாய்மார் ஒரே விடயத்தைத்தான் கதைக்கிறார்கள். "டீச்சர், எங்கட புள்ளைக்கு ஆனா ஆவன்னா முழுக்கத் தெரியும். பேரெழுதவும் தெரியும். அது போதுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிலர் முகம் வாடி, "எங்கட புள்ளைக்கு ஒண்டும் தெரியா டீச்சர்" என்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகைத் தாய்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் விட்ட ஒரு பிழையைச் சொன்னால்தான் விடயம் விளங்கும். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தான். பெயர் வேண்டாம். இப்போது மேல் வகுப்பில் படிக்கிறான், யாராவது இதைக் காட்டினால் வெட்கப்படுவான்.

பாடசாலை தொடங்கி மூன்றாவது கிழமை. தரம் ஒன்றின் தொடக்கத்தில் எழுத்துக் கற்பிக்க அவசரப்படாமல், விளையாட்டு வழியே பிள்ளைகளை இனங்காண வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் அவசரப்பட்டேன். ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்குக் கூப்பிட்டு எழுத்து அட்டைகளைக் காட்டினேன். 'அ' காட்டினேன், பேசாமல் நின்றான். 'ஆ' காட்டினேன், பேசாமல் நின்றான். க, ப, ம எல்லாவற்றுக்கும் அதே கதைதான். சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

"சரி, கொப்பியில உங்கட விருப்பத்துக்கு ஏதாவது எழுதுங்க" என்றேன். கொப்பியைத் திருப்பி, பின்மட்டைப் பக்கமாகத் திறந்து, வலது ஓரத்திலிருந்து கிறுக்கத் தொடங்கினான். 'கொப்பி பிடிக்கவே தெரியாது' என்று என் பதிவில் குறித்துக்கொண்டேன்.

அன்று பாடசாலை விட்டதும் அவனுடைய உம்மா வாசலில் நின்றார். "மகனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வீட்டில கூட இருந்து சொல்லிக் குடுக்கணும்" என்றேன். பக்கத்தில் மற்றத் தாய்மாரும் நின்றார்கள். என் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம். தாழ்த்தவில்லை.

அந்தத் தாய் அபாயாவின் கைநுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கே எழுத்து வாசன இல்ல டீச்சர். சுனாமி வரக்குள்ள நான் ரெண்டாம் வகுப்பு. மறுகா போகல்ல. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிற?"

2004 டிசம்பர் 26 எங்கள் கரையோரத்தில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உம்மாவை இழந்த ஏழு வயதுப் பிள்ளை, முகாமில் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டதில் படிப்பு நின்றுபோனது. அதை அன்றுதான் கேள்விப்பட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "துஆச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மாவும் சீனியும் வாங்கக் கடைக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவின் சில்லறைக் கடைதான் அது. மாதக் கடைசியில் எங்களைப் போன்ற அரச சம்பளக்காரருக்கு அங்கே கடன் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. வாப்பா சீனி நிறுத்துக்கொண்டே, "மகன், டீச்சர்ட பக்கத்த எடுங்க" என்றார்.

பிள்ளை கொப்பியை எடுத்தான். முன்பக்கமாகத்தான் திறந்தான். 'மேசன்' என்று எழுதிய பக்கத்தைத் தாண்டினான். 'லெப்பை' தாண்டினான். 'சேர்' என்ற பக்கத்தில் ஒரு கணம் நின்று, அதையும் தாண்டினான். 'டீச்சர்' வந்ததும் விரலை வைத்துக் கொப்பியை வாப்பாவின் பக்கம் திருப்பினான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "இது என்ட பக்கம் என்டு எப்படித் தெரியும் மகன்?" என்றேன்.

பாடசாலையில் வாய் திறக்காத பிள்ளை, வாப்பாவின் கடையில் பெரிய மனிதனைப் போல விளக்கினான். "டீச்சருக்கு ரெண்டு புள்ளி இரிக்கி. மேசனுக்கு ஒண்டுதான். சேர்ட கடைசி எழுத்தும் உங்கட கடைசி எழுத்தும் ஒண்டுதான். ஆனா சேர் கட்ட."

கட்டை என்றால் குட்டைச் சொல். நீங்களே எழுதிப் பாருங்கள். 'டீச்சர்' என்பதில் இரண்டு புள்ளி. 'மேசன்' என்பதில் ஒன்று. 'சேர்', 'டீச்சர்' இரண்டும் 'ர்' என்றுதான் முடிகின்றன. ஒரு எழுத்தும் தெரியாது என்று நான் ஊர் கேட்கச் சொன்ன பிள்ளை, சொற்களின் நீளத்தையும் புள்ளியையும் கடைசி எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாப்பா தினமும் ஐம்பது தடவை "இன்னாருட பக்கத்த எடு" என்று சொன்னதில், தானாகவே பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு எனக்குச் சரியான தூக்கமில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்த பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்ற அம்மையார் 1966 இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் முளைவிடும் எழுத்தறிவு என்ற கருத்தை முன்வைத்தார். வாசிப்பு ஒரு நாள் காலையில் பாடசாலையில் திடீரென்று தொடங்குவதில்லை, அதற்கு வெகுநாள் முன்பே வீட்டிலும் தெருவிலும் முளைவிட்டு விடுகிறது என்பதுதான் அதன் சாரம். புத்தகத்தின் முன்பக்கம் எது, எந்தப் பக்கமிருந்து வாசிக்க வேண்டும், படத்தை வாசிக்கிறோமா எழுத்தை வாசிக்கிறோமா என்பதெல்லாம் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய அறிவு என்று அவர் கண்டார். அதை அறிய ஒரு சோதனையையும் உருவாக்கினார்.

பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்தவைதான் இவை. புள்ளியும் கிடைத்தது. ஆனால் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்த பிள்ளை முன்னால் நின்றபோது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவன் ஏன் பின்பக்கமாகத் திறந்தான்? நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறார்கள். அங்கே கையில் கொடுக்கும் காயிதா அந்தப் பக்கமாகத்தான் திறக்கும். வலமிருந்து இடமாகத்தான் ஓதுவார்கள். படிப்பதற்கு என்று ஒரு புத்தகத்தைத் திறந்தால் இப்படித்தான் திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்துக்கு ஒரு திசை உண்டு என்பதும் தெரிந்திருக்கிறது. கடைக் கொப்பிக்கு ஒரு வழி, ஓதுகிற கொப்பிக்கு ஒரு வழி என்று அவன் பிரித்து வைத்திருந்தான். என் வகுப்பு எந்தப் பக்கம் சேர்த்தி என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. தெரியாது என்று நான் எழுதிய இடத்தில், தெரிந்த ஒன்று இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் பால்மாப் பைக்கற். அதில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ரோட்டில் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று பெயர்ப்பலகை போட்ட பஸ். பள்ளிவாசலில் தொழுகை நேரப் பலகை. சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று வரிசையாக இருக்கும். பாங்கு கேட்டதும் வாப்பா எந்த வரியைப் பார்க்கிறார் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கும். செருப்பு வைக்கும் இடத்திலும் ஏதோ எழுதியிருக்கிறது. பின்னேரம் மத்ரஸாவில் அரபு எழுத்து. நான்கு எழுத்து முறைகளுக்கு நடுவே வளர்கிற பிள்ளையைத்தான் ஒன்றும் தெரியாது என்கிறோம்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பைக்கற்றைப் பார்த்து "பால்மா" என்று சொல்வது வாசிப்பு ஆகிவிடாது. பெரும்பாலும் பிள்ளை நிறத்தையும் படத்தையும் பார்த்துத்தான் சொல்கிறது. இதை ஆராய்ந்தவர்கள் பெப்சி என்ற பெயரில் முதல் எழுத்தை மாற்றிவிட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் மாற்றத்தைக் கவனிக்கவேயில்லை, பெப்சி என்றே வாசித்தார்கள். 1984 இல் வெளிவந்த ஆய்வு அது.

நானும் வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு பால்மாப் பைக்கற்றில் 'பா' என்ற எழுத்தில் 'ப' மேல் 'க' ஒட்டினேன். 'கால்மா' ஆகிவிட்டது. தூக்கிக் காட்டினேன். "பால்மா!" என்று வகுப்பே கத்தியது.

ஒரு குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது. "இல்ல டீச்சர். முன்னுக்கு இரிக்கிறது கல்முனைட எழுத்து."

யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்முனை பஸ்ஸில் பார்த்த 'க'வை அவன் இங்கே கண்டுபிடித்தான். மற்றப் பிள்ளைகள் பிடிக்காததை இவன் எப்படிப் பிடித்தான் என்று யோசித்தேன். கடன் கொப்பியில் நிறமில்லை, படமில்லை. எல்லாப் பெயரும் ஒரே நீலப் பேனையால் வாப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. ஒருவர் கடனை இன்னொருவர் பக்கத்தில் எழுதினால் வாப்பாவிடம் பேச்சு விழும். அதனால் எழுத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தேவை வந்தது, கண் பழகியது.

இதிலிருந்து நான் இரண்டு விடயம் படித்தேன். சுற்றாடல் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டும், அது பாதி வேலை. எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன? இதே எழுத்து வேற எங்க இரிக்கி?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அது மீதிப் பாதி. அந்த ஆள் டீச்சராக இருக்க வேண்டும் என்றில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பின் ஒரு மூலையில் கடை போட்டோம். மஞ்சள் தூள், மல்லி, மிளகாய்த் தூள், தேயிலை, சவர்க்காரம் என்று வெறும் பைக்கற்றுகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். காசு இல்லாத வியாபாரம். ஆனால் வாங்குகிறவர் சொல்லுகிற பொருளைப் பெயர் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் ஒரு மகள் ஓடி வந்தாள். "டீச்சர், மஞ்சளுக்கும் மல்லிக்கும் முதல் எழுத்து ஒண்டு! மிளகாய்க்கும் அதுதான், ஆனா அதுக்கு மேல ஒரு வளையம் இரிக்கி!"

ம, மி வித்தியாசத்தை அன்று அவளே கண்டுபிடித்தாள். நான் செய்தது, அவள் கண்டதை மத்ரஸாவோடு முடிச்சுப் போட்டதுதான். "ஓதுற பள்ளியில 'பா' எழுத்துக்கு மேல கோடு போட்டா என்ன? கீழ போட்டா என்ன?" என்று கேட்டேன். ப, பி, பு என்று கோரஸாகப் பதில் வந்தது. "அதே மாதிரித்தான். தமிழிலயும் எழுத்துக்குக் குறி போட்டா ஓசை மாறும்." முன்பு கிழமைக் கணக்காக இழுபட்ட பாடம் அந்த வருடம் லேசாக ஏறியது. லெப்பை ஏற்கனவே பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறார், நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னொரு நாள் கரும்பலகையில் 'பூ' என்று எழுதினேன். ஒரு பிள்ளை ஒத்துக்கொள்ளவேயில்லை. "அது ஒரு எழுத்துத்தானே டீச்சர், சொல் இல்லையே." சிரிப்பாக இருந்தது. ஆனால் ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியா ஃபெரெய்ரோவும் அனா டெபரோஸ்கியும் 1979 இல் வெளியிட்ட நூலில் இதே விடயம் இருக்கிறது. ஸ்பானிய மொழி பேசும் சின்னப் பிள்ளைகளும், ஓரிரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அது வாசிக்கக்கூடிய சொல் அல்ல என்று தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறார்கள். பிழையான சட்டம்தான். ஆனால் யோசிக்கிற பிள்ளைதான் சட்டம் போடும்.

இந்த இடத்தில் என் மூத்தம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காணி உறுதியில் பெருவிரல் வைத்தவர். எழுத்து வாசனை இல்லாதவர் என்றுதான் குடும்பமே சொல்லும். ஆனால் மஃரிபுக்குப் பிறகு விளக்கைப் பக்கத்தில் வைத்து, அரபுத் தமிழில் அச்சடித்த மாலைகளையும் முனாஜாத்துகளையும் இராகத்தோடு வாசிப்பார். அரபு எழுத்து, தமிழ்ச் சொல். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு எழுத்தோடு புள்ளிகள் சேர்த்திருப்பார்கள். அவருடைய மடியில் தலைவைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைப் பார்த்ததுதான் நான் எழுத்தைக் கண்ட முதல் ஞாபகம். ஒரு புத்தகத்தை முழுமையாக வாசித்து அழவும் சிரிக்கவும் தெரிந்த ஒரு பெண்ணை நாங்கள் படிக்காதவர் என்றே கபுறுக்கு அனுப்பினோம்.

நாம் ஒரு வகை அறிவை மட்டும் அறிவு என்று எண்ணுகிறோம். மற்றதெல்லாம் கண்ணுக்குப் படுவதில்லை.

இப்போது முன்பள்ளிகளைப் பாருங்கள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, நல்லவை இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் நாலு வயதுப் பிள்ளை 247 எழுத்தையும் வரிசையாக எழுதிக் காட்ட வேண்டும். கலை விழாவில் அதை மேடையில் ஒப்புவிக்க வேண்டும். ஙீ, ஙௌ, ஞௌ என்றெல்லாம் பிள்ளை பாடமாக்குகிறது. இந்த எழுத்துகளை எந்தச் சொல்லில் பார்த்தீர்கள் என்று உங்களைக் கேட்டால் நீங்களே யோசிப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் அதையே ஐம்பது தடவை எழுத வேண்டும். விரல் வலிக்கிறது, அழுகிறது, அடி விழுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ஓட்டத்தை நாலு வயதிலேயே தொடங்கிவிட்டோம்.

எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் எழுத்துகள் அதிகம், அவற்றை முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். அது எங்கள் கடமை, அதற்குத்தான் சம்பளம் எடுக்கிறோம். எழுத்து எதற்கு என்பது பிள்ளைக்கு முதலில் விளங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. கடனைச் சரியாகக் குறிக்க, பஸ்ஸைத் தவறவிடாமல் பிடிக்க, தொழுகை நேரம் பார்க்க, ஸஊதியில் இருக்கிற வாப்பாவுக்கு ஒரு வரி எழுத என்று தேவை தெரிந்த பிள்ளை எழுத்தைத் தேடி வரும். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடும் வளையமும்தான்.

தாய்மாருக்கு ஒன்றும் செலவில்லாத சில விடயங்கள். பைக்கற்றை வெட்டி ஊற்ற முன் பெயரில் விரலை வைத்து, பிள்ளையிடம் ஒரு எழுத்தைக் கேளுங்கள். கடைக்கு அனுப்பும்போது இரண்டு சாமானை ஒரு துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். பஸ் வரும்போது, "இது நம்மட பஸ்ஸா?" என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கிறுக்கியதைக் காட்டினால், "என்ன இது?" என்று கேட்காமல், "இதுல என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க" என்று சொல்லுங்கள். பிழையாக வாசித்தால் சிரிக்க வேண்டாம். போனைக் கையில் கொடுத்து ஒதுங்க வேண்டாம், போன் பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்காது. அவ்வளவுதான்.

"எனக்கு எழுத்து வாசன இல்ல" என்று எந்தத் தாயும் ஒதுங்க வேண்டாம். ஓதும்படி முதல் வஹீ இறங்கியது, எழுதப் படிக்கத் தெரியாத நம் நபி (ஸல்) அவர்களுக்குத்தான். தெரியாமை குற்றமில்லை.

அந்தத் தாயை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை தனியாக வகுப்பறைக்குள் இருத்திக் கதைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கடன் கொப்பிக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது அதிசயமாகவே தெரியவில்லை. "அது அவருக்கு எப்பவும் தெரியும்தானே டீச்சர்" என்றார். அதுவும் படிப்புத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "நீங்க சொல்லிக் குடுக்கத் தேவல்ல. சமைக்கக்குள்ள பைக்கற்றக் காட்டி, இது என்னண்டு அவரிட்டக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரவில்லை. ந, ன, ண மூன்றும் அவனை இரண்டு வருடம் அலைக்கழித்தன. ஆனால் மூன்றாம் தவணை முடியும்போது சின்ன வசனங்களை விரல் வைத்து வாசித்தான். என் முகத்தைப் பார்த்து வாசித்தான்.

அந்த வருடக் கடைசிப் பெற்றார் கூட்டத்தில் வரவுப் பதிவைத் தாய்மாரிடம் நீட்டினோம். வழக்கமாக அந்தத் தாய் மகனையோ பக்கத்தில் இருப்பவரையோ பேரெழுதச் சொல்லுவார். அன்று பேனையை அவரே வாங்கினார். நான்கு எழுத்து. நேரமெடுத்தது, பின்னால் வரிசை காத்து நின்றது. மகன் பக்கத்தில் நின்று, "உம்மா, கடைசிக்குப் புள்ளி" என்றான். புள்ளியை வைத்தார்.

யாரிடம் படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் பைக்கற்றும் மல்லிப் பைக்கற்றும் வைத்து அந்த வீட்டுக் குசினியில் யார் யாருக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள் என்று விளங்கியது.

வருகிற மாதம் என் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். ஆனா ஆவன்னா தெரியுமா என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டில் காலியான பைக்கற்றுகள் இருந்தால் கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். பழைய கடை சரக்கில்லாமல் கிடக்கிறது.

வஸ்ஸலாம்.